சுண்டெலி ஜீஎம்-சிஎஸ்எப் புரதம்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்தில் உள்ள எமது சிறிய ஆய்வுகூடத்தில், சித்த மருத்துவ மூலிகைச் சாறுகள் அழற்சியைத் தணிக்கின்றனவா என்பதைச் சுண்டெலியின் கிளைக்கலங்களில் (நோயெதிர்ப்பைத் தொடக்கிவைக்கும் கிளைவடிவக் கலங்களில்) சோதித்து வருகிறோம். அக்கலங்களை என்பு மச்சையிலிருந்து வளர்த்தெடுக்க, கலங்களின் வளர்ச்சியைத் தூண்டும் ஜீஎம்-சிஎஸ்எப் என்னும் புரதம் எமது முறையில் இன்றியமையாதது. நோயெதிர்ப்பு ஆய்வாளர்களான கயோ இனாபாவும் ரல்ப் ஸ்ரைன்மனும் மற்றோரும் 1992இல் வெளியிட்ட முறையின் வழியில் இன்றும் உலகெங்கும் பல ஆய்வுகூடங்களில் இவ்வேலை நடக்கிறது. ஈ.கோலை பற்றீரியாவில் மீளச்சேர்க்கை முறையில் (சுண்டெலியின் மரபணுவைப் பற்றீரியாவுக்குள் புகுத்தி) தயாரிக்கப்பட்ட இப்புரதத்தை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தியதில் நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கப்படும் ஜீஎம்-சிஎஸ்எப் கிடைத்தால் அதையே பயன்படுத்தலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அது சுண்டெலிக் கலங்களில் வேலை செய்யாது; சுண்டெலிக்குச் சுண்டெலிப் புரதமே வேண்டும்.

புரதம் உறைய வைத்து உலர்த்திய தூளாக வருகிறது. ஒரு குப்பியிலுள்ள 20 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் என்பதால், குப்பியைத் திறப்பதற்கு முன்னரே மையநீக்கியில் சுழற்றி, மூடியில் ஒட்டியிருப்பதை அடிக்கு இறக்கிவிட வேண்டும். முதலாவது குப்பியில் நாம் இதைச் செய்யவில்லை. அந்த முறை கலங்கள் பாதியளவே வளர்ந்தன. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடாக வருவதால், அதைக் காய்ச்சி வடித்தாலும் எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை. ஊசிமருந்து கலக்கும் தூய நீரையே வாங்குகிறோம். 200 மைக்ரோலீற்றரில் கரைத்து, மாட்டு அல்புமின் 0.1 சதவீதம் சேர்த்து, 10 மைக்ரோலீற்றர் வீதம் இருபது சிறு குழாய்களில் பிரித்து வைக்கிறோம். அல்புமின் இல்லாத ஐதான கரைசலில் புரதம் பிளாஸ்ரிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒரு குழாயைக் கொண்டு மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம் செறிவில் கலங்களை வளர்க்கும் ஊடகம் 50 மில்லிலீற்றர் தயாரிக்கலாம். எடுத்த குழாயை மறுபடி உறைய வைப்பதில்லை.

இந்தக் கண்டிப்பு ஏன் தேவை என்பதை 2022இல் கண்டோம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது, கரைத்து வைத்திருந்த குழாய்கள் பலமுறை உருகி உறைந்து வீணாகின. கரைக்காமல் தூளாகவே வைத்திருந்த குப்பிகளோ பின்னர் சோதித்தபோது முழு வீரியத்துடன் இருந்தன. அன்றிலிருந்து அடுத்த இரண்டு மாதங்களுக்குத் தேவையானதை மட்டுமே கரைக்கிறோம். பனிக்கட்டி படியாத வகை வீட்டுக் குளிரூட்டிகளையும் தவிர்க்கிறோம். அவை பனியை உருக்குவதற்காக அவ்வப்போது உள்ளே சூடேற்றுகின்றன.

மிகுந்த துயரம் தந்தது அகநச்சுத்தான். பற்றீரியாவில் தயாராகும் புரதத்துடன் பற்றீரியாவின் சுவரிலுள்ள அகநச்சான கொழுப்புப் பல்சக்கரைட்டு சிறிதளவு சேர்ந்து வந்தாலே, கிளைக்கலங்கள் நாம் எதையும் செய்வதற்கு முன்னரே கிளர்ச்சியடைந்துவிடும். விலை குறைவென்று ஒரு முகவரிடம் வாங்கிய தொகுதியில் மூலிகைச் சாறு எதுவும் கொடுக்காத எமது கட்டுப்பாட்டுக் கலங்கள்கூட அழற்சிப் புரதங்களைச் சுரந்தன. புரதத்தை 95 பாகை செல்சியஸில் சூடாக்கினால் அதன் செயல் அழிந்துவிடும், அகநச்சு அழியாது என்பதால், சூடாக்கிய மாதிரியை முன்னர் நல்ல புரதத்தில் வளர்த்திருந்த கலங்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அவையும் கிளர்ச்சியடைந்தன; காரணம் அகநச்சே என்று தெரிந்தது. ஒரு மாணவியின் ஐந்து மாத முடிவுகளைக் கைவிட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. மூலிகைச் சாறு குற்றமற்றதா, புரதம் குற்றமற்றதா என்று தெரியாமல் எழுதப்படும் எந்த முடிவும் சித்த மருத்துவத்துக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து.

ஆகவே இப்போது வாங்கும்போது நிறையைப் பார்த்து விலையை ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு தொகுதியின் சான்றிதழிலும் மில்லிகிராமுக்கு எத்தனை செயல் அலகுகள், மைக்ரோகிராமுக்கு எவ்வளவு அகநச்சு என்ற இரண்டு எண்களையும் முன்கூட்டியே கேட்கிறோம். பத்து நாள் வளர்ப்பில் ஒரு தட்டுக்குச் சுமார் 800 நனோகிராம் செலவாவதால், 20 மைக்ரோகிராம் குப்பி இருபத்தைந்து தட்டுகளுக்குப் போதும். அந்தக் கணக்கில் நல்ல தொகுதிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரிதாகத் தெரிவதில்லை. தற்போதைய தொகுதியில் ஏழு குழாய்கள் மீதமுள்ளன. புதிய தொகுதி வந்ததும் ஒரே சுண்டெலியின் மச்சையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவற்றுள் இரண்டை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.