ரவுட்டரும் 64 எழுத்தும்

மச்சினன் போனில் கேட்டான்: "மாமா, உங்க ரவுட்டர் விலை 900 ரூபாய் இறங்கியிருக்கு, வாங்கலாமா?" வேகம், ஆன்டெனா எல்லாம் அவனுக்கே தெரியும். நான் ஆரம்பித்தது வேறு கதை.

2022 மழைக்காலம். கம்பெனியின் புது ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளை, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினேன். நடுவில் சிக்னல் போய் வந்தது. பிரவுசர் 'முடிந்தது' என்றது. ஏற்றினேன். அதன்பிறகு பவர் லைட் ஆரஞ்சில் சிமிட்டியதோடு சரி. ரிப்பேர் கடைக்காரர் மூடியைக் கழற்றி, எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் கிளிப்பை மாட்டி மறுபடி எழுதிக் கொடுத்தார். 650 ரூபாய். "ஃபைல் அரைகுறையா இறங்கியிருக்கு சார், செக் பண்ணலையா?"

எதை வைத்துச் செக் பண்ணுவது? கம்பெனி பக்கத்தில் தேதி இருக்கிறது, 'சுமார் 15 எம்பி' என்று இருக்கிறது. ஷா-256 ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி; கோப்பு துளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். வெறும் 64 எழுத்து, அதைப் போட இடமில்லையாம். சரி, ரவுட்டராவது கோப்பில் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று பார்த்து மறுத்திருக்கலாம். அரைகுறைக் கோப்பையே விழுங்குகிற பெட்டி, எவனோ திருத்திய கோப்பையும் விழுங்கத்தானே செய்யும்?

அந்த அலட்சியத்தால்தான் அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச மாற்று ஃபர்ம்வேரை ஏற்ற முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் டவுன்லோடு தளத்தில் ஒவ்வொரு ஃபர்ம்வேர் ஃபோல்டரிலும் ஹாஷ் பட்டியல் உண்டு, பக்கத்திலேயே அந்தப் பட்டியலுக்கான கையொப்பமும் உண்டு. ஹாஷ் மட்டும் போதாது. கோப்பை மாற்றுகிறவன் ஹாஷையும் மாற்றிவிடுவான். ஏற்றும் முன் ரவுட்டரே கோப்பின் அளவையும் ஹாஷையும் காட்டிவிட்டு 'தொடரவா?' என்று கேட்கும். அந்த ஒரு திரைக்காகவே மூன்று வருடமாக அதிலேயே இருக்கிறேன்.

ஹாஷின் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தை மட்டும் கண்ணால் ஒப்பிடுவது என் வழக்கமாக இருந்தது. 2024 டிசம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் அப்டேட் சர்வரிலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டது: ஹாஷை 12 எழுத்தாக வெட்டி வைத்திருந்ததால், ஒருவர் கேட்ட ஃபர்ம்வேருக்குப் பதில் வேறொன்றைத் தள்ளிவிட வழி இருந்தது. சில மணி நேரத்தில் அடைத்துவிட்டார்கள். நான் பார்த்ததும் வெறும் 12 எழுத்துதானே! இப்போது 64-ஐயும் கம்ப்யூட்டரே ஒப்பிடுகிறது.

நாலு வருடத்தில் சூடானதில்லை, கடைசி அறை வரை சிக்னல் வருகிறது. இருந்தாலும் மச்சினனிடம் வாங்காதே என்றேன். போனை வைத்த கையோடு அம்மா வீட்டுக்கு ஒன்று ஆர்டர் போட்டேன். கம்பெனி ஃபர்ம்வேர் அதில் ஒருநாள்கூட ஓடப்போவதில்லை.