கருவாட்டுக்கு எது ஏற்ற சந்தை: வாட்ஸ்அப் குழுவா, ரீல்ஸா?

ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பனிலோ மண்டபத்திலோ கருவாடு காயவைக்கும் ஒரு குடும்பம், மொத்த வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்டாமல் நேரடியாக விற்க முனைந்தால், அதன் முன்னே இன்று இரண்டு வழிகள் உள்ளன. தெரிந்தவர்களைச் சேர்த்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்று. முகமறியாதவர்களின் கைப்பேசியில் போய் நிற்கும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மற்றொன்று. இரண்டுக்கும் கட்டணமில்லை என்பதால் ஒன்றுபோலத் தோன்றினாலும், இவை மனிதர்களின் வெவ்வேறு பழக்கங்களை நம்பி இயங்குபவை.

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்ட சில நாள்களிலேயே இந்தியாவுக்கு வந்த ரீல்ஸ், நம்மைப் பின்தொடராதவருக்கும் நம் காணொளியைக் காட்டுகிறது. தனுஷ்கோடிச் சாலையின் இருபுறக் கடலும் பாம்பன் பாலமும் யாருடைய விரலையும் ஒரு கணம் நிறுத்திவிடும். ஆனால், அப்படி நின்றவர் பார்ப்பது கடலைத்தானே தவிர நெத்திலியை அல்ல.

கருவாடு வாங்குபவரின் ஐயங்கள் வேறு: கடித்தால் மணல் நறநறக்குமா, உப்பு கூடிவிட்டதா, உள்வரை காய்ந்திருக்கிறதா? சந்தையில் முகர்ந்தும் ஒடித்தும் தீர்த்துக்கொள்ளும் இந்த ஐயங்களில் ஒன்றைக்கூடக் காணொளியால் தீர்க்க முடியாது. "நாங்கள் வாங்கினோம், நன்றாக இருந்தது" என்று மதினியோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லும் சொல்தான் அந்த இடத்தை நிரப்புகிறது. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பக் குழுக்களில் ஊர்ப் பண்டம் பற்றிய ஒரு வரிக்குக் கிடைக்கும் மதிப்பு, எந்த விளம்பரத்துக்கும் கிடைப்பதில்லை. அதே குழுவில் மணல் ஒட்டிய கருவாட்டின் படம் ஒன்று வந்துவிட்டால் மீள்வது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் ஒளிபரப்புப் பட்டியலுக்கு (broadcast list) 256 பேர் என்ற வரம்பு உண்டு. அதிலும் நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி சேரும். இதைப் பலர் குறையாகக் கருதுகிறார்கள். எண்ணைச் சேமிக்கும் அளவுக்கு அக்கறை கொண்டவர்களையே இது சலித்துத் தருகிறது என்பது என் எண்ணம். உண்மையான குறை வேறு. நெருங்கியவர்களுக்குள் ஒரே செய்திதான் சுற்றிவரும் என்றும், புதிய தகவல் பெரும்பாலும் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகவே வரும் என்றும் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் விளக்கினார். குழு வழியாகப் புதியவர்கள் வருவது ஒரு கட்டத்தில் நின்றுபோகும் என்பதே அதன் பொருள். கோயம்புத்தூரில் இருக்கும் புதிய வாடிக்கையாளரைக் கண்டறிய ரீல்ஸே உதவும்.

சரக்கின் கணக்கில் ரீல்ஸ் தடுமாறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழையிலோ மீன் கிடைத்தாலும் காயவைக்க வெயில் கிடைப்பதில்லை. பழைய காணொளி ஒன்று அந்த நாள்களில் திடீரென்று பரவினால், வரும் நூறு கேள்விகளுக்கும் "இல்லை" என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கும். குழுவில் "மழை விட்டதும் சொல்கிறோம்" என்றால் காத்திருப்பார்கள்.

உணவுக் காணொளிக்காரர்களுக்குப் பொட்டலம் அனுப்பிப் பேசவைப்பது மூன்றாவது வழி. பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவ்வாறு தெரிவித்த பிறகு அந்தப் பாராட்டு பாதி விலைக்குத்தான் போகும்.

இதே மாவட்டத்தின் முண்டு மிளகாயாக இருந்தால் என் தீர்ப்பு மாறும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதன் உருண்டை வடிவமும் அடர்சிவப்பும் கண்ணுக்கே புலப்படுவதால், ரீல்ஸே முதல் வழி. கருவாட்டுக்குக் குழுவை முதலில் நிலைநிறுத்தி, ரீல்ஸை அதற்குள் ஆள் சேர்க்கும் வாசலாக மட்டும் பயன்படுத்தலாம். அந்தக் காணொளியிலும் பாலத்தைக் குறைத்து, நெத்திலியைக் கழுவுவதையும் மணலில் பரப்பாமல் வலைமேல் உலர்த்துவதையும் காட்டி, "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று இழுக்காமல் கிலோ விலையைத் திரையிலேயே எழுதிவிட வேண்டும்.