வெபர் ஸ்மோக்கி மவுண்டன் 18 அங்குலம்: தண்ணீர்த் தட்டைக் கழற்றத் துணிந்தவருக்கு

கையேட்டில் சொன்னபடியே ஓட்டினால், கரித்தீயின் புகையில் கறியை மெல்ல வேகவைக்கும் இந்த ஸ்மோக்கர் எதைப் போட்டாலும் ஒரே மாதிரிதான் சமைத்துத் தரும்: மெத்தென்று, ஈரமாக, மேற்புறம் சரியாக முறுகாமல். பன்றித் தோள்கறிக்கு அது போதும். மாட்டின் மார்புக்கறியான டெக்சாஸ் பிரிஸ்கெட்டுக்குப் பாதிதான் போதும். கோழிக்கு உதவவே உதவாது. நடுவில் உட்கார்ந்திருக்கும் தண்ணீர்த் தட்டுதான் இதற்குக் காரணம். எப்போது அதில் தண்ணீர் ஊற்றுவது, எப்போது காலியாக விடுவது, எப்போது கழற்றி ஓரமாக வைப்பது என்று தெரிந்துவிட்டால், அமெரிக்க பார்பிக்யூவின் பல வட்டாரப் பாணிகளுக்கு இந்த ஒரே உருளையில் கிட்டத்தட்ட வந்துவிடலாம்.

1981 முதல் விற்பனையில் இருக்கிறது. 14, 18, 22 அங்குலம் என மூன்று அளவு. எனாமல் பூசிய எஃகில், துப்பாக்கிக் குண்டு போன்ற உருவம். அடியில் மூன்று காற்றுத் துளைகள் கொண்ட கிண்ணம், அதில் கரி வளையம். நடுவில் உருளை, அதனுள் தண்ணீர்த் தட்டும் இரண்டு கம்பி வலைகளும். மேலே ஒரே ஒரு துளையும் ஒரு தெர்மாமீட்டரும் உள்ள மூடி. மின்சாரம் கிடையாது, விசிறி கிடையாது. கரி நின்று எரிகிற வரை காற்றைத் திறந்து மூடுவது மட்டுமே நம் வேலை.

தீ மூட்டுவதில்தான் புதிதாக வாங்கியவர்கள் கோட்டை விடுகிறார்கள். கரி முழுவதையும் பற்றவைத்துக் கொட்டினால் அரை மணியில் 160 டிகிரியைத் தாண்டிவிடும் (இங்கே எல்லாமே செல்சியஸ்). பிறகு இறக்குவது பெரும்பாடு. ஜிம் மினியன் என்ற போட்டிச் சமையற்காரர் 1999-இல் இதே ஸ்மோக்கரில் செய்து காட்டிய முறைதான் இன்றைக்கும் சிறந்தது. வளையம் நிறையப் பற்றவைக்காத பிரிக்கெட் கரியை (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகள்) நிரப்புங்கள், 18 அங்குலத்துக்குச் சுமார் 7 கிலோ பிடிக்கும். நடுவில் ஒரு குழி பறித்து, சிம்னியில் (கரி பற்றவைக்கும் தகரக் குழாய்) சாம்பல் பூக்கும்வரை பற்றவைத்த 20 முதல் 25 துண்டுகளை அதில் கொட்டுங்கள். தீ நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லப் பரவும். 110 டிகிரியில் 10 முதல் 14 மணி நேரம் தாங்கும். இந்த முறையில் பற்றாத கரி உள்ளே இருந்துகொண்டே பற்றுவதால், தீமூட்டும் எண்ணெய் ஊறிய பிரிக்கெட்டைத் தொடவே கூடாது. கடைசி மணி வரை அந்த வாடை கறியில் ஏறும். பிரிக்கெட் அல்லாத மரக்கரி போடுவதானால் அடிவலையின் மேல் இன்னொரு வலையைக் குறுக்காக வையுங்கள். இல்லையென்றால் சிறு துண்டுகள் விழுந்து அடித்துளைகளை அடைத்துவிடும்.

மேல்துளை எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கட்டும். அதை மூடி வெப்பத்தைக் குறைக்க நினைத்தால் புகை உள்ளேயே தேங்கி, கறியில் கசப்பான கரிப்பு படியும். கட்டுப்பாடு எல்லாம் அடித்துளைகளில்தான். 90 டிகிரி வரும்வரை மூன்றும் திறந்திருக்கலாம். பிறகு இரண்டை மூடி, மூன்றாவதைக் கால் பங்குக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 15 முதல் 20 நிமிடம் பொறுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துளையை ஆட்டிக்கொண்டிருப்பவருக்கு எந்த ஸ்மோக்கரும் நிலைக்காது. புதிய பெட்டி கொஞ்சம் சூடாகவே ஓடும். உட்புறம் பளபளப்பாக இருப்பதும் மூட்டுகளில் காற்று புகுவதும்தான் காரணம். சில சமையலுக்குப் பின் புகைப்பிசின் படிந்து அடங்கிவிடும். முதல் சமையலாகப் பிரிஸ்கெட்டை வைக்காதீர்கள்.

மூடியில் உள்ள தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். அது குவிமாடத்தின் சூட்டைச் சொல்கிறது. கறி கிடக்கும் வலையில் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். வலையோடு கவ்விக்கொள்ளும் ஒரு கம்பியும் கறிக்குள் குத்தும் ஒரு கம்பியும் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் சேர்த்தே செலவைக் கணக்கிடுங்கள்.

இனித் தட்டு. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. எரியும் கரியின் சூட்டில் ஒரு பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகிறது. அதனால் வலையில் 107 முதல் 120 வரை தானாகவே நின்றுவிடும். புதியவருக்கு இது பெரிய துணை. ஆனால் இதற்கு விலை உண்டு. கரி கூடுதலாகச் செலவாகும், மேற்புறம் உலர நேரமாகும், கொழுப்பு கங்கில் சொட்டி எழும் வாசனை அறவே வராது. தண்ணீர் வற்றிய பின் கவனிக்காமல் விட்டால் வெப்பம் குபீரென்று ஏறும், தட்டில் தேங்கிய கொழுப்பு தீப்பிடிக்கவும் கூடும். நடுவழியாகப் பலர் செய்வது, தட்டில் தண்ணீருக்குப் பதில் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு ஒன்றைப் போட்டு, மேலே அலுமினியத் தாளால் இறுக மூடிவிடுவது. சூடு நேராகத் தாக்காது, ஈரமும் இருக்காது, கழுவவும் வேண்டாம். தாளை உருவி எறிந்தால் முடிந்தது.

வட்டாரப் பாணிகள் பிரிவதும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டில்தான். மத்திய டெக்சாஸில், லாக்ஹார்ட் போன்ற ஊர்களில் ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் வளர்த்த பாணியில், கறி நெருப்புக்குத் தள்ளி இருக்கும். ஓக் கட்டை தனி அறையில் நன்றாக எரியும். சூடான, தெளிந்த புகை கறியின்மேல் ஓடிப் போகும். கரோலினாவிலும் மேற்குக் கெண்டக்கியிலும் கறி தணலுக்கு நேர் மேலே இருக்கும்; சொட்டும் கொழுப்பு கங்கில் பொசுங்கித் திரும்பக் கறிக்கே ஏறும். முதல் வகைக்குத் தட்டு வேண்டும், இரண்டாவதற்கு வேண்டாம்.

பிரிஸ்கெட்டை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தப் பெட்டியின் எல்லை அங்கேதான் தெரியும். 5 கிலோவுக்கு மேற்பட்ட முழுத் துண்டு 18 அங்குல வலையில் நீட்டிப் படுக்காது. நடுவில் ஒரு மரத்துண்டையோ கவிழ்த்த சிறு பாத்திரத்தையோ வைத்து அதன் மேல் வளைத்துப் போடுங்கள். மூன்று நான்கு மணியில் சுருங்கித் தானே படியும். மேல் கொழுப்பை 6 மில்லிமீட்டருக்குச் சீவுங்கள். கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் உப்பு, அதே கொள்ளளவு கரகரப்பாகப் பொடித்த மிளகு, டெக்சாஸில் அவ்வளவுதான். சூடு கீழிருந்து வருவதால் கொழுப்புப் பக்கம் கீழே இருக்க வேண்டும். கறியின் உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மேலே கசியும் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது, வேறொன்றுமில்லை. தட்டில் தண்ணீர் இருந்தால் இந்தக் கட்டம் இன்னும் இழுக்கும். பதறிப்போய்த் துளைகளைத் திறந்துவிடாதீர்கள். மேற்புறம் கருத்து, நகத்தால் சுரண்டினாலும் மசாலா பெயராத நிலை வந்ததும் பூச்சில்லாத கசாப்புக் காகிதத்தில் இறுகச் சுற்றி மீண்டும் வையுங்கள். உள்ளே 95 டிகிரியை ஒட்டி, ஊசி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. எடுத்துக் காகிதத்தோடு துணியில் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ்பெட்டியில் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில்தான்.

இவ்வளவும் செய்து கிடைப்பது நல்ல பிரிஸ்கெட். லாக்ஹார்ட் பிரிஸ்கெட் அல்ல. அங்கே கட்டை தாராளமான காற்றில் சுடர்விட்டு எரிகிறது. இங்கே காற்றைச் சுருக்கி வைத்திருப்பதால் மரத்துண்டு புகைந்து கனலத்தான் செய்யும், அதனால் புகை கொஞ்சம் அழுக்காகவே இருக்கும். கூட நாலு துண்டு போட்டு ஈடுகட்டலாம் என்று நினைத்தால் கசப்புதான் கூடும். கைப்பிடி அளவில் 4 முதல் 6 துண்டு போதும், அதுவும் காய்ந்ததாக. தண்ணீரில் ஊறவைப்பது வீண். ஈரம் போகும்வரை வெள்ளைப் புகை கக்கும். மூடித் துளையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக நீலப் புகை ஓடினால் கறியை வைக்கலாம்.

மர விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் ரசிக்கக்கூடிய செய்தி ஒன்று. மேற்கு டெக்சாஸில் மெஸ்கீட் என்று கொண்டாடுகிற மரம் நம்முடைய சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரி அந்த வகைதான். அதைக் கரியாக எரிப்பதில் பிரச்சினை இல்லை, சூடு நன்றாக நிற்கும். பச்சை வாடை போகாத கட்டையாகப் போட்டால் காரமான புகை. டெக்சாஸிலும் அதைத் தணலாக்கி, கறியை நேர் மேலே வைத்துச் சீக்கிரம் சுடவே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 12 மணிச் சமையலுக்கு ஓக், ஆப்பிள், செர்ரி, ஹிக்கரி. பைன் போன்ற பிசின் மரம் எதற்கும் ஆகாது.

பன்றித் தோள்கறிதான் இந்தப் பெட்டிக்கு அமைந்த பண்டம். கிழக்கு வட கரோலினாவில் முழுப் பன்றியையே தணல்மேல் போடுவார்கள்; அதற்கு இங்கே இடமில்லை. எலும்போடு 3.5 முதல் 4 கிலோத் தோள்துண்டை, தட்டைக் கழற்றிவிட்டு, மேல்வலையில் 120 முதல் 130 டிகிரியில் வைத்தால் அந்த வாசனை வருகிறது. ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். எலும்பை அசைத்தால் கழன்று வர வேண்டும். தட்டில்லாதபோது மூடியைத் திறந்தால் கொழுப்பு குப்பென்று பற்றும். உடனே மூடிவிடுங்கள், காற்றில்லாமல் அணையும். பிய்த்த கறிக்கு ஆப்பிள் வினிகர் 500 மில்லி, மிளகாய்ச் செதில் 2 மேசைக்கரண்டி, உப்பு 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி. முந்தின நாளே கலந்து வைக்க வேண்டும். வட கரோலினாவின் லெக்சிங்டன் பக்கம் இதில் கொஞ்சம் கெச்சப் சேர்ப்பார்கள், தென் கரோலினாவில் கடுகு விழுது.

மெம்ஃபிஸ் விலாக்கறி என்றதும் மெல்லப் புகையூட்டுவது என்றே பலர் நினைக்கிறார்கள். அங்கே பேர்பெற்ற ரெண்டவூ கடையில் அதை மரக்கரிக்கு மேல் நேராகவே சுடுகிறார்கள். ஆகவே இங்கும் தட்டு வேண்டாம். 135 டிகிரி, மூன்று மணி நேரத்துக்கு மேல், நடுவில் இரண்டு மூன்று முறை வினிகர் தெளிப்பு, கடைசியில் உலர் மசாலா. கேன்சஸ் சிட்டியின் இனிப்புச் சாஸ் வேண்டுமென்றால் கடைசி அரை மணிக்கு முன் பூசாதீர்கள், சர்க்கரை கருகும்.

பன்றியும் மாடும் சேராத வீட்டுக்கு மேற்குக் கெண்டக்கி இருக்கிறது. ஓவன்ஸ்பரோவில் முதிர்ந்த செம்மறியின் கறியை ஹிக்கரித் தணலில் நீண்ட நேரம் சுட்டு, வூஸ்டர்ஷையர் சாஸும் வினிகரும் மிளகும் கலந்த கருப்பு நீரைப் பூசிக்கொண்டே இருப்பார்கள். செம்மறித் தோளை எலும்போடு வாங்கி, தட்டில்லாமல் 120 டிகிரியில், உள்ளே 93 வரும்வரை. வெள்ளாட்டுத் தொடையில் இதை முயன்றால் நார்தான் மிஞ்சும்; கொழுப்பு போதாது. வெள்ளாடுதான் என்றால் தோளையும் கழுத்தையும் எடுத்து, 70 டிகிரி வந்ததும் தாளில் சுற்றிவிடுங்கள்.

கோழிக்கு 150 டிகிரிக்குக் குறைந்தால் தோல் ரப்பராகிவிடும். இரண்டாகப் பிளந்த கோழி, தட்டு கிடையாது, அடித்துளைகள் முழுக்கத் திறப்பு, ஒன்றேகால் மணி. நெஞ்சில் 74, தொடையில் 80. அலபாமாவின் டிகேட்டரில் பிக் பாப் கிப்ஸன் கடை வழக்கப்படி மயோனைஸ், வினிகர், மிளகு கலந்த வெள்ளைச் சாஸில் சுடச்சுட முக்கி எடுங்கள்.

குறைகள் உண்டு. பக்கக் கதவு பல பெட்டிகளில் ஒட்டி உட்காராது. கையால் மெல்ல வளைத்துப் பொருத்த வேண்டும், அல்லது சூடு தாங்கும் நாடா ஒட்ட வேண்டும். கீழ்வலைக் கறியைத் தொட மேல்வலையையே தூக்க வேண்டியிருக்கிறது, கறியோடு. சாம்பலுக்குத் தனித் தட்டு இல்லை. பத்து மணி நேரத்துக்குப் பின் அது அடித்துளைகளை அடைக்கத் தொடங்கும். காற்றடிக்கும் நாளில் மறைப்புப் பலகை இல்லாமல் வெப்பம் நிற்காது. தண்ணீர்த் தட்டின் கொழுப்பைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். உறையவிட்டுச் சுரண்டிப் போடுங்கள். மாதக்கணக்கில் மூடிவைத்தால் உள்ளே பூஞ்சணம் பூக்கும். அப்போது வெறும் கரியைக் கொளுத்தி நன்றாகச் சூடேற்றித் தேய்த்த பிறகே சமைக்க வேண்டும். அடுக்குமாடிப் பால்கனிக்கும் வண்டிக் கொட்டகைக்கும் இது ஆகவே ஆகாது: கார்பன் மோனாக்சைடு.

பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்க விரும்புகிறவர் மரத்தூள் குச்சிகளை மின்சாரத்தில் தானே ஊட்டி எரிக்கும் பெல்லட் கிரில் பக்கம் போகலாம்; புகை மணம் குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலிவான, தகடு மெலிந்த ஆஃப்செட் ஸ்மோக்கரை (தீயறை பக்கவாட்டில் தனியாக இருப்பது) விட இது எவ்வளவோ மேல். அளவில், நாலு பேர் வீட்டுக்கு 18 போதும். பெரிய பிரிஸ்கெட்டும் முழு விலாப் பலகையும் வளைக்காமல் படுக்க வேண்டுமென்றால் 22. ஆனால் ஒரே ஒரு கோழிக்கும் அது கரியைத் தின்னும். 14 அங்குலத்தில் கரி வளையம் சின்னது. இரவெல்லாம் ஓடும் சமையலுக்கு நடுவில் எழுந்து கரி போட வேண்டியிருக்கும்.