டைனமிக்கா, கண்டென்சரா: ஸ்பெக் தாளில் இல்லாத இரைச்சல்

பேச்சுப் பதிவுக்கு ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்கா (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது), ரோட் என்டி1-ஏ போன்ற கண்டென்சரா (மின்னேற்றிய தகடு கொண்டது)? என் ஓட்டு கண்டென்சருக்கே. "20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்" என்ற அதிர்வெண் வரியைப் பார்த்து அல்ல. பக்கத்தில் ± டெசிபல் அளவோ வரைபடமோ இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

பார்க்க வேண்டியது இரைச்சல். என்டி1-ஏயின் தாளில் சுய இரைச்சல், அதாவது மைக்கே உண்டாக்கும் இரைச்சல், 5 டிபிஏ (காதின் உணர்வுக்கேற்ப எடையிட்ட டெசிபல்) என்றிருக்கும். எஸ்எம்7பியின் தாளில் அப்படியொரு வரியே கிடையாது. அதனால் இரைச்சலே வராது என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 94 டெசிபல் ஒலிக்கு எஸ்எம்7பி தருவது −59 டிபிவி (1 வோல்ட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). என்டி1-ஏ தருவது சுமார் −32. ப்ரீஆம்பின் ஈஐஎன் (அதன் இரைச்சலை உள்ளீட்டு அளவில் சொல்லும் எண்) −128 டிபியு (0.775 வோல்ட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) என்றால், டிபிவியாக மாற்ற 2.2 குறைத்து −130.2 டிபிவி. டைனமிக்கின் −59-க்கும் இதற்கும் இடைவெளி 71.2. அதை 94-இல் கழித்தால் ஏறத்தாழ 23 டெசிபல். அதுதான் அந்த மைக்கின் நடைமுறைச் சுய இரைச்சல். ஈஐஎன் −120 என்றால் அது 31 ஆகிவிடும். அதே சுமாரான ப்ரீஆம்பில் கண்டென்சரைச் செருகினால் ப்ரீஆம்பின் பங்கு 4 டெசிபல்தான். மைக்கின் 5-உடன் ஆற்றலாகக் கூட்டினாலும் 8-ஐத் தொடாது.

ஈஐஎன்னிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமாக அதை முழு கெயினில் (பெருக்கும் அளவில்), உள்ளீட்டில் 150 ஓம் மின்தடையை இணைத்து அளப்பார்கள். கெயினைக் குறைத்தால் எண் மோசமாகும். எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. மைக்குக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே செருகும், 25 டெசிபல் தரும் இன்லைன் பூஸ்டர் சுமாரான ப்ரீஆம்பைக் காப்பாற்றும். −128 உள்ள ப்ரீஆம்பில் கெயின் போதாதபோது மட்டும் அதை வாங்கலாம். இரைச்சலில் பெரிய லாபம் இருக்காது.

அறையில் மின்விசிறி 35 டெசிபலில் ஓடினால் இந்தக் கணக்கெல்லாம் அதற்குள் அமுங்கிவிடும். டைனமிக் அறைச் சத்தத்தை வாங்காது என்பார்கள். வாயருகே வைத்துப் பேசுவதால்தான் பெரும்பாலும் அப்படித் தோன்றுகிறது. கண்டென்சரையும் பாப் ஃபில்டரோடு (வாய்க்காற்றின் அடியைத் தடுக்கும் திரை) அதே தூரத்தில் வைத்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும்.

டைனமிக் முரட்டுக் கையாளலைத் தாங்கும், கேபிள் வழியே மைக்குக்குத் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரமும் கேட்காது. கண்டென்சருக்கு ஈரப்பதம் ஆகாது. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். என் சாய்வு பேச்சுக்கு மட்டுமே. டிரம்ஸ், கிட்டார் ஆம்ப் பதிவுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.