அகரா, ஜெல்லனா? சேரன்மகாதேவிப் பக்கத்து வாழைக்கூடத்தில் கண்டது

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் சிறிய திசு வளர்ப்புக் கூடம் நடத்துகிறேன். பெரும்பாலும் வாழைதான்: ஜி-9, களக்காட்டுக்காரர்கள் கேட்கும் ஏத்தன் ஆகிய ரகங்கள். கொஞ்சம் நீர்ப்பிரமி மூலிகையும் உண்டு. செடித் துண்டை வளர்க்கும் சத்துக்கரைசலான ஊடகத்தை உறையவைக்க அகர், ஜெல்லன் கம், ஜவ்வரிசி மூன்றையும் பல பருவங்களாகப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. குருத்து சரியாக வராவிட்டால் நம்மவர்கள் உடனே ஹார்மோன் அளவில் கை வைக்கிறார்கள். அதற்கு முன் உறைவு எப்படி இருக்கிறது என்று குப்பியைச் சாய்த்துப் பாருங்கள் என்பேன்.

அகர் நமக்கு அந்நியமில்லை. மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றிலிருந்து எடுப்பதுதான். லிட்டருக்கு 7 முதல் 8 கிராம் போதும். இயற்கைச் சரக்கு என்பதால் ஒரு பொட்டலம் போல இன்னொன்று இருப்பதில்லை, அதுதான் தலைவலி. அதே 7 கிராமுக்கு ஒரு முறை கெட்டியாக உறையும், அடுத்த முறை தளர்ந்து நிற்கும். கெட்டியானால் நீரும், குருத்தைத் தூண்டும் ஹார்மோனான சைட்டோகைனினும் செடிக்குள் மெதுவாகவே ஏறுகின்றன, பக்கக்குருத்து குறைகிறது. தளர்ந்தால் துண்டு அமிழ்ந்து அடிப்பகுதி கறுத்துப்போகிறது. அதனால் புதுப் பொட்டலம் பிரித்தால் ஒரே ஒரு குப்பியில் ஊற்றிச் சோதிக்காமல் நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை. அமிலத்தன்மையும் முக்கியம். பி.எச். 5.8-இல் வைக்கிறோம், 5-க்குக் கீழே இறங்கினால் கிருமி நீக்கும் அழுத்தக் கலனான ஆட்டோகிளேவின் சூட்டில் அகர் சிதைந்து உறையாமலே நின்றுவிடும்.

ஜெல்லன் பாக்டீரியா தரும் பசை. லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் போதும். குளிர்ந்த நீரைக் கலக்கியபடியே தூவ வேண்டும். சூடான நீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். இது உறைவதற்குக் கால்சியம், மக்னீசியம் அயனிகள் தேவை. முழு அளவு எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக் என்ற வழக்கமான சத்துக் கலவை) உப்பில் அவை தாராளமாக இருக்கின்றன. வேர் விடுவதற்கு உப்பைப் பாதியாகக் குறைக்கும்போது உறைவும் தளர்ந்துவிடும். அங்கே ஜெல்லனைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைப் பொட்டலத்தின் மேல் யாரும் அச்சிடுவதில்லை.

இதன் பெரிய வரம் தெளிவு. குப்பியை விளக்கின் முன் தூக்கினால் ஒவ்வொரு வேரும் தெரியும். துண்டின் அடியில் சோற்றுக்கஞ்சி போல வெண்மை படர்ந்தால் பாக்டீரியா என்று அன்றே பிடித்துவிடலாம். அகரின் மங்கலில் அது பல நாள் ஒளிந்திருக்கும்.

சாபமும் உண்டு. நீர்ப்பிரமியை ஜெல்லனில் விட்டதும் இலைகள் கண்ணாடியாகத் தடித்து, சுருண்டு, இடுக்கியால் தொட்டாலே ஒடிந்தன. ஈரம் அளவுக்கு மீறி உள்ளே போன செடி அது. மேல்தோலில் மெழுகு பிடிக்காது, இலைத்துளைகள் ஒழுங்காக மூடா. நிழல்வலைக்குப் போனதும் வாடிவிடும், அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அகருக்கு மாற்றியதும் அடுத்தடுத்த சுற்றுகளில் புதிய இலைகள் சரியாகவே வந்தன. வாழை இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் சாதி.

ஜவ்வரிசி மலிவு, அவ்வளவுதான். ஒளி ஊடுருவாத வெள்ளை. சில வாரங்களில் நீர்த்துப்போகிறது.

கிராம் விலையைப் பார்த்து ஜெல்லனை ஒதுக்க வேண்டாம். “அண்ணாச்சி, இது ரொம்ப விலையாயிற்றே” என்று பக்கத்துக் கூடத்துத் தம்பி தயங்கினார். லிட்டர் கணக்கில் போட்டுக் காட்டினேன். வித்தியாசம் அவர் நினைத்ததைவிடக் குறைவு. ஒன்று மட்டும்: மிஞ்சிய அகரை மறுபடி உருக்கி ஊற்றலாம், உறைந்த ஜெல்லனை அப்படி எளிதில் மீட்க முடியாது.

இப்போது பெருக்கத்துக்கு அகர், வாழையின் வேருக்கு ஜெல்லன் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். கன்றை வெளியே எடுக்கும்போது ஜெல்லன் வேரிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடுகிறது. அகர் என்றால் வேர் இடுக்குகளில் ஒட்டிய துணுக்குகளை ஓடும் நீரில் நன்றாக அலச வேண்டும். அலசாவிட்டால் அதில் மிஞ்சும் சர்க்கரைக்கு நாற்றுத்தட்டில் பூஞ்சை முளைத்துவிடும்.