தரையில் படுத்து மாட்டிய கேட்-பேக் எக்ஸாஸ்ட்: சில வருடம் ஓடிய பிறகு

லிஃப்ட் இல்லாமல் வீட்டிலேயே எக்ஸாஸ்ட் மாட்ட முடியுமா என்றால், தாராளமாக முடியும். முதல் தடவை என்றால் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதைப் பற்றி வரும் விமர்சனங்களில் பாதி, மாட்டிய அன்று மாலையே எழுதப்பட்டவை. சத்தம் அருமை, டிப் (வெளியே தெரியும் பைப் முனை) பளபளக்கிறது என்று முடிந்துவிடும். இரண்டு மூன்று வருடம் ஓடிய பிறகு வருகிற கடகடப்பு, ஹேங்கர் (பைப்பை வண்டிக்கு அடியில் தொங்கவிடும் கம்பியும் ரப்பரும்) வெல்டில் விழும் விரிசல், ஜாயின்டில் புகைக் கசிவு எல்லாம் அதில் இருக்காது. இந்தக் கோளாறுகளைத் தேடிப்போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: பைப் தளர்வாகத் தொங்காமல், ஏதோ ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தபடி முடுக்கப்பட்டிருக்கும்.

இங்கே பேசுவது கேட்-பேக், அதாவது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும். 304 ரக ஸ்டெயின்லெஸ் பைப், நடுவில் ஒரு ரெசொனேட்டர் (முழக்கத்தைக் குறைக்கும் சிறு அறை), பின்னால் நேர்வழி சைலன்சர், பேண்ட் கிளாம்ப் (பட்டையாகச் சுற்றி இறுக்கும் கவ்வி) ஜாயின்ட். கன்வெர்ட்டரில் கைவைப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். அந்தப் பேச்சே வேண்டாம். வாங்கும்போது ஐ.நா. விதி எண் 59-இன்படி ஒப்புதல் பெற்ற, வட்டத்துக்குள் E முத்திரை பதித்த சைலன்சரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்த விதி செல்லுபடியாகும் நாடுகளில் வாகனச் சோதனையின்போது வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

வண்டியைத் தூக்குவது

பின் சைலன்சரை மட்டும் மாற்றுவதென்றால் பின்பக்கத்தைத் தூக்கினால் போதும். முழு கேட்-பேக் என்றால் நான்கு மூலையும் தூக்கியாக வேண்டும். முன் ஃபிளேஞ்ச் (பைப்புகளைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஏறக்குறைய முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் சரியாக அந்த இடத்தில்தான் ஆள் நுழைய இடம் இருக்காது. பக்கவாட்டுச் சட்டத்துக்கும் தரைக்கும் இடையே 45 செ.மீ. கிடைத்தால் நெஞ்சின் மேல் ஸ்பேனரைத் திருப்ப முடியும்.

சமதளமான கான்கிரீட் தரை, நான்கு ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை. தார்த் தரை வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால் அமுங்கும், அதனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு வைக்க வேண்டும். வண்டியோடு வரும் கத்தரி ஜாக் டயர் மாற்ற மட்டும்தான். எந்த ஜாக்காக இருந்தாலும், அது மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. நான்கு ஸ்டாண்டிலும் இறக்கியபின் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டாண்டை பாடியின் ஜாக் பாயின்டில் வைக்க வேண்டும், ஆக்ஸிலில் அல்ல. அப்போதுதான் பின் ஆக்ஸில் கீழே தொங்கி, அதற்கு மேல் வளைந்து போகும் பைப்பை உருவ இடம் கிடைக்கும். அப்படித் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் விறைக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கழற்றுவது

நேரத்தில் பாதியை விழுங்குவது இதுதான். முந்தின நாளே நட், ஸ்டட் (ஃபிளேஞ்சில் பதிந்து நிற்கும் மரைக்கம்பி), ஸ்பிரிங் போல்ட் எல்லாவற்றிலும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊறவிட வேண்டும். வேலைக்குச் சற்று முன் இன்னொரு தடவை. 12 முனை சாக்கெட்டை எடுக்கவே வேண்டாம், துரு தின்ற நட்டின் மூலையை அது வழித்துவிடும். 6 முனை சாக்கெட், நீண்ட பிரேக்கர் பார். முதலில் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கும் பக்கம் ஒரு தட்டு, பிறகு கழற்றும் பக்கம். துருவின் பிடி விட்டால் ஒரு ‘டிக்’ கேட்கும். நட் சுற்றுவதற்குப் பதில் ரப்பர் மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்டட் உடையப் போகிறது என்று அர்த்தம். சூடுபடுத்த வசதியிருந்தால் நட்டை மட்டும் சூடாக்கலாம் (எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் லைன் பக்கத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு). இல்லாவிட்டால் நட்டைப் பிளந்தெடுக்கும் நட் ஸ்பிளிட்டர். ஸ்டட் உடைந்தே போனால், ஃபிளேஞ்சில் மிச்சத்தைத் துளைத்தெடுத்து எம்10 போல்ட்டும் நட்டும் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி அணியாமல் இதில் எதையும் செய்ய வேண்டாம், துருத் தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

ஹேங்கர் ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் அல்லது சிலிகான் ஸ்பிரே. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். கழற்றும் வரிசையும் முக்கியம்: சைலன்சருக்கு அடியில் ஜாக்கையோ மரக்கட்டையையோ கொடுத்துவிட்டு முன் ஃபிளேஞ்ச், அதன்பின் ஹேங்கர்கள், கடைசியாகப் பின் ஹேங்கர். தாங்கல் இல்லாமல் கழற்றினால் 15, 20 கிலோ எடையும் முகத்துக்கு நேரே வரும்.

ரப்பரைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். கையால் இழுத்துப் பார்த்தால் பழசு நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரியும்; துளையின் உள்விளிம்பை விரித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ‘ஸ்போர்ட்’ என்று விற்கும் கெட்டியான பாலியூரித்தேன் ஹேங்கர் தேவையில்லை. அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும், சூடான இடத்தில் இளகவும் செய்யும்.

தொங்கவிடுவதும் முடுக்குவதும்

மொத்த வேலையிலும் நிதானமாகச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். எல்லாத் துண்டுகளையும் முன்னிருந்து பின்னாகத் தொங்கவிட்டு, கிளாம்ப்களைக் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். ஒரு பைப்புக்குள் இன்னொன்று குறைந்தது 40 மி.மீ. போயிருக்க வேண்டும். பெரிய பைப்பின் வாயில் பிளவு வெட்டியிருக்கும். அந்தப் பிளவின் முனை வரை உள்பைப் போகாவிட்டால் எவ்வளவு முடுக்கினாலும் கசியும். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை மார்க்கரால் கோடு போட்டு வைத்தால், பின்னால் நழுவியதா என்பதும் தெரியும்.

304 ஸ்டெயின்லெஸ் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.017 மி.மீ. நீளும். மூன்று மீட்டர் நீளப் பைப் சராசரியாக 200 டிகிரி சூடேறினாலே 10 மி.மீ.; நெடுஞ்சாலையில் 300 டிகிரி ஏறினால் 15 மி.மீ. சாதாரண எஃகைவிட இது அதிகம். அதனால் ஆறிய நிலையில் டிப் பம்பரை ஒட்டி அழகாக நிற்கிறது என்று விட்டால், சூடானதும் நகர்ந்து பிளாஸ்டிக்கைப் பொசுக்கும். பம்பர், ஹீட் ஷீல்ட், பிரேக் கேபிள், கிராஸ்மெம்பர் எல்லாவற்றுக்கும் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். ஹேங்கர் ரப்பர்கள் ஆறியபோது சற்று முன்பக்கம் சாய்ந்திருந்தால் சூட்டில் நேராகும். ஆக்ஸில் தொங்கிய நிலையில் அதற்கும் பைப்புக்கும் இருக்கும் இடைவெளியை நம்பாதீர்கள். கடைசி முடுக்கலுக்கு முன் ஆக்ஸிலை ஜாக்கால் ஓடும் உயரத்துக்குத் தூக்கி ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாம் தளர்வாக, யாரும் பிடிக்காமலே சரியான இடத்தில் நிற்கிறதா? அப்போது மட்டும் முன்னிருந்து பின்னாக முடுக்குங்கள். ஒரு கையால் பைப்பை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கிளாம்பை முடுக்க முடிகிறது என்றால் அந்த ஜாயின்ட் தவறு. அந்த விசை எங்கும் போவதில்லை, ஹேங்கர் கம்பி வெல்டிலோ முன்னால் உள்ள, வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். முடுக்கும் அளவு கிட்டில் எழுதியிருந்தால் அதுதான் வேதம். இல்லையென்றால் எம்8-க்கு 20 முதல் 25, எம்10-க்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் போடும்போது ஆன்ட்டி-சீஸ் பசை தடவாவிட்டால் மரை ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும். பிறகு வெட்டத்தான் வேண்டும். ஏர் கன் (காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் கருவி) வைத்து வேகமாகச் சுற்றினால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கேஸ்கெட் எப்போதும் புதிது. சாதாரண சிலிகான் பேஸ்ட் இந்தச் சூட்டைத் தாங்காது. யூ-கிளாம்ப் கொடுத்திருந்தால் பேண்ட் கிளாம்பாக மாற்றிக்கொள்வது நல்லது; யூ-கிளாம்ப் பைப்பை நசுக்கிவிடும், மறுபடி பிரிப்பது பெரும் பாடு.

என்ஜினை ஓட்டுவதற்கு முன் பைப் முழுவதையும் ஆல்கஹாலால் துடையுங்கள். கைரேகை அப்படியே வெந்து பதிந்துவிடும், பிறகு போகவே போகாது. திறந்த வெளியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கசிவு பார்க்க, என்ஜினை அணைத்து ஆறவிட்டு, வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை டிப்பில் கொடுத்து ஜாயின்ட்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும், குமிழ் காட்டிக் கொடுத்துவிடும். 100, 150 கி.மீ. ஓடியபின் ஆறிய நிலையில் மறுபடி ஒரு சுற்று முடுக்கல். முதல் சில சூட்டில் பேண்ட் கிளாம்ப் தளர்வது சகஜம். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பின்னால் ‘கிட் சரியில்லை’ என்று எழுதுகிறார்கள்.

நாள்பட்ட பிறகு

சத்தம் முதல் நாள் இருந்த மாதிரி இருக்காது. நேர்வழி சைலன்சருக்குள் துளையிட்ட குழாயைச் சுற்றி இழை அடைத்திருக்கும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அது படிந்து, சத்தம் சற்றுக் கனமாகும், அது சாதாரணம். வருடங்கள் போகப்போக இழை பொடிந்து வெளியேறினால் சத்தம் தகர டப்பா மாதிரி வறண்டு ஒலிக்கும். வாங்கும்போதே மூடி போல்ட் போட்டதா, வெல்ட் செய்ததா என்று பார்ப்பது இதற்காகத்தான். போல்ட் போட்டதென்றால் இழையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டிரோன் (காருக்குள் ஒரே சுருதியில் கேட்கும் முழக்கம்) மட்டும் பழகாது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, 2,400 ஆர்.பி.எம்.மில் அது 80 ஹெர்ட்ஸ். காருக்குள் இருக்கும் காற்று அந்த அதிர்வெண்ணை ஒட்டி அதிரும் வண்டியில், நெடுஞ்சாலை வேகத்தில் காது அடைக்கும். ஒரு முனை மூடிய கிளைக் குழாயை வெல்ட் செய்து இதை அடக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 1.3, 1.4 மீட்டர் நீளம் வரும், வண்டிக்கு அடியில் அதற்கு இடம் தேட வேண்டும். அதைவிட முதலிலேயே ரெசொனேட்டர் உள்ள கிட்டாக வாங்குவது புத்திசாலித்தனம். பவர் கூடுகிறதா? மற்ற எதையும் மாற்றாத வண்டியில் கேட்-பேக் மட்டும் தரும் லாபம் இருக்கையில் உட்கார்ந்து உணரும் அளவுக்கு இருக்காது. எடை குறைவது உண்மை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. தினமும் ஐந்து கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சைலன்சரின் தாழ்ந்த மூலையில் தேங்கும். 304 இதைத் தாங்கும். விலை குறைந்த 409 ரக ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்புத் துரு பூசிக்கொள்ளும், ஆனால் ஓட்டை விழ நாளாகும். அலுமினியம் பூசிய எஃகு வெல்டில்தான் முதலில் போகும், அங்கே பூச்சு எரிந்திருக்கும். காந்தம் வைத்து 304-ஐக் கண்டுபிடிக்கும் வித்தையை வளைவில் செய்யாதீர்கள். குளிர்நிலையில் வளைத்த இடத்தில் 304-உம் லேசாக ஒட்டும்.

வருடத்துக்கு ஒரு முறை அடியில் போய்ப் பார்க்க வேண்டியவை இரண்டு. கிளாம்பின் ஓரத்தில் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் அங்கே கசிகிறது. பைப்பில் எங்காவது நாணயம் அளவுக்கு வெள்ளையாகத் தேய்ந்து பளபளத்தால், சூட்டில் நீளும்போது அந்த இடம் எதிலோ மோதுகிறது. ஆறிய நிலையில் எவ்வளவு தட்டினாலும் அந்தக் கடகடப்பு கேட்காது. சம்பந்தப்பட்ட ஹேங்கருக்கு முன்னும் பின்னும் உள்ள கிளாம்ப்களைத் தளர்த்தி, பைப்பைத் தானாக உட்காரவிட்டு, திரும்ப முடுக்க வேண்டும். இழுபட்டு நீண்ட பேண்ட் கிளாம்பைத் திரும்பப் போடாதீர்கள், கைவசம் ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஒரிஜினல் எக்ஸாஸ்ட்டை எடைக்குப் போட வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, இரண்டு வாயையும் திறந்தபடி காற்றாடும் இடத்தில் வைத்து, ஸ்பிரிங் போல்ட்களை ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டிவிடுங்கள். வண்டியை விற்கும்போதோ சோதனைக்குக் கொண்டுபோகும்போதோ திரும்ப மாட்ட ஒரு புது கேஸ்கெட் இருந்தால் போதும்.