டோலுடெக்ராவிர் 10 மி.கி. கரையும் மாத்திரை: குழந்தைகளுக்கான எச்.ஐ.வி. மருந்து குறித்து ஒரு மதிப்பீடு

எச்.ஐ.வி.யுடன் பிறந்த குழந்தை வாழ்நாள் முழுவதும் நாள் தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டும் என்பதால், மருந்தின் வீரியத்துக்கு இணையாக அதன் சுவையும் வடிவமும் சிகிச்சையின் நீண்டகாலப் பலனைத் தீர்மானிக்கின்றன. அந்த அளவுகோலில் பார்த்தால், டோலுடெக்ராவிர் 10 மி.கி. கரையும் மாத்திரை நான் அறிந்த குழந்தை மருந்துகளில் மிகச் சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

முன்பு பச்சிளங்குழந்தைகளுக்குத் தரப்பட்ட லோபினாவிர்-ரிட்டோனாவிர் சிரப்பைக் கையாண்டவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை நன்கு புரியும். 42 சதவீதம் ஆல்கஹால் கலந்த, கடுங்கசப்பான அந்தத் திரவத்தைத் தினமும் இருவேளை புகட்ட வேண்டியிருந்தது. குழந்தை முகத்தைத் திருப்பித் துப்பிவிட்டால், எவ்வளவு உள்ளே போனது, மறுபடியும் கொடுக்கலாமா என்று தெரியாமல் தாய் கலங்கிப்போவாள். இந்த மாத்திரையோ ஸ்ட்ராபெரி சுவை கொண்டது. நாளுக்கு ஒரு வேளை கொடுத்தால் போதும். சிறிதளவு சுத்தமான தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரத்துக்குள் புகட்டி, கிண்ணத்தின் அடியில் தங்கும் பொடியையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடைசி மிடறிலும் மருந்து இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பலனைப் பொறுத்தவரை, ஆப்பிரிக்கா, தாய்லாந்து, ஐரோப்பா ஆகிய இடங்களில் 707 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஒடிசி ஆய்வு தெளிவான விடை தந்தது. 96 வாரங்களில் பிற மருந்துகளைப் பெற்றவர்களில் 22 சதவீதத்தினருக்குச் சிகிச்சை தோல்வியடைந்தது; டோலுடெக்ராவிர் பெற்றவர்களிடம் அது 14 சதவீதம். அதே ஆய்வில் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்ட, 14 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளிடம் இந்த வேறுபாடு இன்னும் பெரியது: 48 சதவீதத்துக்கு எதிராக 28 சதவீதம். வைரஸ் இந்த மருந்துக்கு எளிதில் எதிர்ப்புத்திறன் பெறுவதில்லை என்பதும், பல பத்தாண்டுகள் மருந்தை நம்பி வாழவேண்டிய குழந்தைக்குப் பெரும் பாதுகாப்பு.

குறைகளும் உண்டு. அளவு எடைக்கேற்ப மாறுகிறது: 3 கிலோவிலிருந்து அரை மாத்திரை, 6 கிலோவில் ஒன்றரை, 10 கிலோவில் இரண்டு, 14 கிலோவில் இரண்டரை. குழந்தை வளர வளர ஒவ்வொரு வருகையிலும் எடை பார்த்து அளவைத் திருத்தாவிட்டால் மருந்து போதாமல் போகும். இதைப் பெரியவர்களுக்கான மாத்திரையோடு மில்லிகிராம் கணக்கில் ஒப்பிடக் கூடாது; கரையும் மாத்திரையில் 30 மி.கி. என்பது பெரியவர்களின் 50 மி.கி. மாத்திரைக்கு ஏறத்தாழச் சமம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும் குழந்தைக்கு இருவேளை கொடுக்க வேண்டும் என்பதையும், இரும்பு, கால்சியம் மருந்துகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் மருந்து வழங்கும் இடத்திலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு மையத்தில் புட்டியைத் திறந்து மாத்திரைகளைக் காகித உறையில் எண்ணிப் போட்டுக் கொடுத்ததைப் பார்த்து மிகவும் வருந்தினேன். ஈரம் பட்டால் கெட்டுவிடும் மருந்து இது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அதன் மூலப் புட்டியிலேயே இருக்க வேண்டும்.

டோலுடெக்ராவிரோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வேறு இரு எச்.ஐ.வி. மருந்துகள் அடங்கிய அபாகாவிர்-லாமிவுடின் மாத்திரையைத் தனியாகக் கொடுக்கவேண்டிய சிரமத்தை, மூன்று மருந்துகளும் சேர்ந்த புதிய கரையும் மாத்திரை நீக்குகிறது. 14 கிலோ குழந்தைக்கு அதில் ஐந்து மாத்திரைகள் வேண்டும் என்றாலும், ஒரே புட்டி, ஒரே கலவை, பாதியாக உடைக்கும் வேலையில்லை என்பதால் கிடைக்கும் இடங்களில் அதையே பரிந்துரைப்பேன். இந்திய நிறுவனங்களும் தயாரிக்கும் இந்த மருந்துகள் மலிவாகிவிட்ட பிறகும், 2022-இல் உலகளவில் எச்.ஐ.வி.யுள்ள பெரியவர்களில் 77 சதவீதத்தினர் சிகிச்சை பெற, குழந்தைகளில் 57 சதவீதத்தினரே பெற்றனர். பிறந்த சில வாரங்களிலேயே பரிசோதித்துக் குழந்தைகளைக் கண்டறியும் வேலை பின்தங்கியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம். அதை எந்த மாத்திரையும் ஈடுசெய்யாது.